ஆளைக் கொன்றும் திரும்பாத நினைவகம்

'ஃப்ரீ' கட்டளை கேஷ் என்று 30 ஜிபி காட்டுகிறது. நெருக்கடி வந்தால் கர்னல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருக்கிறோம். சற்று நேரத்தில் ஓஓஎம் கில்லர் வந்து டேட்டாபேஸை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. லினக்ஸ் சர்வர் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. அந்த 30 ஜிபியில் பகிர்வு நினைவகம் எவ்வளவு என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. அதே வெளியீட்டில் 'ஷேர்டு' என்று தனியாக ஓர் எண் இருந்தும், கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

சிஸ்டம் வி செக்மென்ட், பாசிக்ஸ் ஷேர்டு மெமரி, மெம்எஃப்டி, டெம்ப்எஃப்எஸ் கோப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஷ்மெம் நிரல்தான். இவற்றின் பக்கங்கள் பேஜ் கேஷில் குடியிருப்பதால் 'கேஷ்' கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் பின்னால் வட்டில் கோப்பு எதுவும் கிடையாது. வெளியே போக ஸ்வாப் ஒன்றுதான் வழி. அதனால்தான் 2008இல் வந்த 2.6.28 கர்னல், எல்ஆர்யு பட்டியலைக் கோப்புப் பக்கங்கள், அனானிமஸ் பக்கங்கள் என்று பிரித்தபோது ஷ்மெம் இரண்டாவது பட்டியலுக்குப் போனது. கேஷைக் காலி செய்யும் 'டிராப் கேஷஸ்' இவற்றைத் தொடாது. 3.14 கர்னலில் வந்த 'மெம்அவைலபிள்' எண் இதைச் சரியாகக் கழித்தே காட்டுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கேஷையும் காலியிடத்தையும் கூட்டி அலாரம் வைக்கும் டாஷ்போர்டுகளுக்குச் சாக்கு எதுவும் இல்லை.

ஸ்வாப்பை அணைத்துவிட்டால் ஷ்மெம் பக்கங்கள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். மீட்பின் முழுச் சுமையும் கோப்புப் பக்கங்கள் மேல் விழும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் சொந்தக் குறிமுறைப் பக்கங்களும் அதில் அடக்கம். இயந்திரம் அசைவற்று நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்வாப் இருந்தால் கூபலெட் கிளம்பவே மறுத்த காலம், ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கு ஸ்வாப் என்றாலே மெத்தனம் என்று கற்றுக்கொடுத்துவிட்டது. 5.8 கர்னலில் ஸ்வாப்பினஸ் அளவு 200 வரை உயர்த்தப்பட்டதே, இசட்ராம் போன்ற வேகமான ஸ்வாப் கோப்பு வாசிப்பைவிட மலிவாக இருக்கலாம் என்பதால்தான்.

ஸ்வாப் இருந்தாலும் வேலை சுலபமில்லை. ஒரு பகிர்வுப் பக்கத்தை வெளியேற்றும் முன், அதை மேப் செய்திருக்கும் ஒவ்வொரு பிராசஸின் பேஜ் டேபிளையும் கர்னல் தேடிப் போய் அழிக்க வேண்டும். 500 இணைப்புகள் உள்ள போஸ்ட்கிரெஸ் என்றால் 500 இடம். அந்த டேபிள்களே தின்னும் இடத்தையும் கணக்குப் பாருங்கள்: 8 ஜிபி பஃபரை 4 கேபி பக்கங்களாக முழுக்கத் தொட்டால் ஒரு பிராசஸுக்கு 16 எம்பி டேபிள், 500 பிராசஸுக்கு இன்னொரு 8 ஜிபி! ஹ்யூஜ் பேஜ் இதைத் தீர்க்கும் (போஸ்ட்கிரெஸில் 2014இல் வந்த 9.4 முதலே அதற்கான அமைப்பு உண்டு). ஹ்யூஜ்டிஎல்பி பக்கங்கள் மீட்புக்கே உட்படாதவை. டேட்டாபேஸ் பஃபரைப் பொறுத்தவரை அதுதான் சரி என்பது என் கட்சி. எந்தப் பக்கம் சூடு, எது ஆறியது என்று கர்னலைவிட டேட்டாபேஸுக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், இந்தப் பக்கங்களுக்கு உரிமையாளர் இல்லாதது. ஓஓஎம் கில்லர் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆர்எஸ்எஸ் அளவைப் பார்க்கிறது; மேப் ஆன ஷ்மெம்மும் அதில் சேரும். ஆக, பகிர்வு நினைவகத்தைத் தொட்ட பாவத்துக்காக ஒரு பிராசஸ் கொல்லப்படலாம். அந்தப் பக்கங்களோ டெம்ப்எஃப்எஸ்ஸிலோ செக்மென்ட்டிலோ அப்படியே கிடக்கும். ஓஓஎம் ரீப்பர்கூடப் பகிர்ந்த மேப்பிங்குகளைத் தாண்டித்தான் போகிறது. கொலைப் பதிவில் 'ஷ்மெம்-ஆர்எஸ்எஸ்' என்று தனியாக எழுதியிருக்கும். அது பெரிதாகவும் 'அனான்-ஆர்எஸ்எஸ்' சிறிதாகவும் இருந்தால், உயிர் போனதில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள்.

கண்டெய்னர்களில் நிலைமை இன்னும் மோசம். சிகுரூப் கணக்கு, புறம்போக்கில் முதலில் கொட்டகை போட்டவன் பெயரில் வரி எழுதுவது போன்றது: பக்கத்தை முதலில் தொட்ட குழுவின் தலையில் அது விழும். அந்தக் குழுவின் பிராசஸ்கள் எல்லாம் முடிந்து, அடைவு நீக்கப்பட்ட பிறகும், பக்கங்கள் இருக்கும்வரை செத்த குழு கர்னலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். டெம்ப்எஃப்எஸ் மவுண்டிலேயே இன்ன குழுவின் கணக்கில் எழுது என்று சொல்ல வழிவேண்டும் என 2021இல் கூகுள் பொறியாளர்கள் ஒட்டுகள் அனுப்பினார்கள். அவை கர்னலில் சேரவில்லை. ஒரு மவுண்டின் கணக்கு நிரம்பினால் யாரைக் கொல்வது என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் சொல்வது கடினம்தான். அதற்காக யோசனையையே ஆறப்போட்டது எனக்கு ஏமாற்றம்.

ஆண்ட்ராய்டின் ஆஷ்மெம் இந்த விஷயத்தில் நேர்மையானது. ஒரு பகுதியின் பின்னை எடுத்துவிட்டால், நெருக்கடியில் கர்னல் அதைத் தூக்கி எறியலாம் என்று பொருள். திரும்பப் பின் செய்யும்போது, எறியப்பட்டதா இல்லையா என்று பதில் வரும். 5.18இல் ஆஷ்மெம் கர்னலிலிருந்து நீங்கியது. அதன் இடத்துக்கு வந்த மெம்எஃப்டியில் சீல் உண்டு, இந்த வசதி இல்லை. ஓட்டைபோட்டுத் திருப்பிக் கொடுக்க 'எம்ஏடிவி ரிமூவ்' இருக்கிறது. ஆனால் எப்போது கொடுப்பது என்பதை நிரலே தீர்மானிக்க வேண்டும். பகிர்ந்த பகுதியில் 'டோன்ட்நீட்' அழைத்துவிட்டு நினைவகம் திரும்பிவிட்டதாக எண்ணும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. அது மேப்பிங்கை மட்டுமே உதறும்.

டெம்ப்எஃப்எஸ் மவுண்டுக்கு அளவு சொல்லாவிட்டால் ரேமில் பாதி என்று கொள்ளும், அதுவும் ஒவ்வொரு மவுண்டுக்கும் தனித்தனியாக. கண்டெய்னரின் பகிர்வு நினைவகத்துக்கு டாக்கர் இயல்பாகத் தரும் 64 எம்பி நேர் எதிர்க் கோடி. இடம் தீர்ந்தபின் மேப்பில் எழுதினால் பிழைக்குறியீடு வராது, சிக்பஸ்தான் வரும். முன்கூட்டியே 'ஃபாலோகேட்' செய்தால் அந்தத் தோல்வி கையாளக்கூடிய இடத்திலேயே நடக்கும். 6.4இல் வந்த 'நோஸ்வாப்' மவுண்ட் விருப்பத்தை அளவு வரம்பில்லாமல் பயன்படுத்துவது இயந்திரத்தைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

இந்த இதழுக்கு வரும் செயல்திறன் கட்டுரைகளில் ரேம் அளவும் கர்னல் பதிப்பும் தவறாமல் இருக்கின்றன. வரும் இதழ் முதல், சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த 'ஷ்மெம்' அளவையும், ஸ்வாப் இருந்ததா, எவ்வளவு என்பதையும் சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். இல்லாத கட்டுரைகள் திருத்தத்துக்குத் திரும்பி வரும்.