ராஜா மாறலாமா?

ஞாயிறு மாலை எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் தொடங்கிய வாக்குவாதம், இரவுச் செபத்துக்கு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. பொருள், இளையராஜாவின் இசை. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தவரே உண்மையான ராஜா, பிற்பாடு வந்ததெல்லாம் மெஷின் சத்தம் என்பது ஒரு கட்சி. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணிப்பொறியைக் கொண்டு இசையமைத்தாரே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும் என்பது மறு கட்சி. இத்தனைக்கும் எங்களில் ஒருத்திகூட அப்போது பிறக்கவில்லை! எல்லாம் வீட்டில் அப்பாக்களிடமும் சித்தப்பாக்களிடமும் கேட்ட கட்சிகளே. "குடவோலை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிஸ்டர் சிரித்தார்கள். நம் உத்திரமேரூரில் அதற்குக் கல்வெட்டே உண்டு; ஆனால் ரசனைக்குச் சீட்டு எடுக்க முடியுமா?

இரு கட்சியாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் எண்ணம். அதே 1986-இல்தான் தியாகராஜரையும் பாக்கையும் வணங்கி, வயலின்களை முன்னிறுத்தி 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பையும் அவர் வெளியிட்டார். ஒரு கையில் கணிப்பொறி, மறு கையில் வயலின். 2005-இல் திருவாசகத்துக்குப் புடாபெஸ்ட் இசைக்குழுவை வாசிக்க வைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியது. மெஷினிடம் போனவர் திரும்பவே இல்லை என்று எப்படிச் சொல்வது? 'அன்னக்கிளி'யும் அந்நாளில் புதுமையாகத்தானே ஒலித்திருக்கும்! அவரிடம் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் 'ரோஜா'வோடு வந்தபோதும் இதே சண்டை வீட்டுக்கு வீடு நடந்ததாம்.

இவ்வளவும் பேசி வென்றுவிட்டோம் என்றிருந்தபோது, அதுவரை வாய் திறவாத தோழி ஒருத்தி பேசினாள். அவள் தந்தை திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு தபேலா வாசித்தவர். ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் இருந்தால் போதும் என்று குழுவினர் அவரை நிறுத்திவிட்டார்கள். தாளத்தை முன்கூட்டியே பதிந்து வைத்தால் இயந்திரம் பிசகாமல் அடித்துக்கொண்டே இருக்கும்; அதற்குச் சாப்பாடு வேண்டாம், பஸ் காசும் வேண்டாம். இப்போது அவர் செங்கல் சூளைக்குப் போகிறார். தபேலா பரண்மேல் இருக்கிறது.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. கலைஞன் மாறத்தான் வேண்டும் என்ற கருத்தை நாங்கள் இப்போதும் விடவில்லை. ராஜாமேல் குற்றமும் இல்லை. கூலியை மிச்சம் பிடிக்க இயந்திரத்தை வாங்குவது வேறு, புதிய ஓசையைத் தேடி அதைத் தொடுவது வேறு. ஆனால் "மெஷின் சத்தம்" என்று முகம் சுளிப்பவர்களைப் பத்தாம்பசலிகள் என்று கேலி செய்தோமே, அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

வரும் ஆண்டு விழா நடனத்துக்குப் பதிவு செய்த பாட்டு வேண்டாம், தோழியின் தந்தையை வாசிக்க அழையுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். தபேலாவுக்குப் புதுத் தோல் போட என்ன செலவாகும் என்று தோழி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.