புண்ணுக்கு மருந்து, சுருக்கத்துக்கு?

எங்கள் செங்கல்பட்டில் பியூட்டி பார்லர் பக்கம் போனாலே, "குரோத் ஃபேக்டர் சீரம் போடுங்கக்கா, பத்து வயசு குறைஞ்சிடும்" என்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்தச் சின்ன பாட்டில் விலையில் ஒரு மாத மளிகையே வாங்கிவிடலாம்! எங்கள் தெருவில் ஒரு பெண், சீட்டுப் பணத்தை எடுத்து இதில் போட்டிருக்கிறாள். கேட்டால், "நோபல் பரிசு வாங்கின கண்டுபிடிப்பாச்சே" என்கிறாள்.

பரிசு நிஜம்தான். வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்களைக் கண்டறிந்ததற்காக, 1986ல் ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற பெண்மணிக்கும், ஸ்டான்லி கோஹனுக்கும் கிடைத்தது. செல்கள் வளரவும், பெருகவும் தூண்டுபவை இவை. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கு இதையே மருந்தாகத் தருகிறார்கள். ஐதராபாத் நிறுவனம் ஒன்று, நம் நாட்டிலேயே தயாரிக்கிறது.

ஆனால், புண் வேறு, சுருக்கம் வேறு சகோதரிகளே! புண்ணில் தோல் திறந்திருக்கிறது; மருந்து உள்ளே போகும். நல்ல தோலோ கோட்டைச் சுவர். 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள பொருள் அதைத் தாண்டுவது கஷ்டம் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவான கணக்கு. கோஹன் கண்டறிந்த புரதத்தின் எடையோ சுமார் 6,000!

சுருக்கம் ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஆனால், பெரும்பாலும் கொஞ்சம் பேரை வைத்து, சில மாதங்களே நடந்தவை அவை. க்ரீமில் வேறு பொருட்களும் கலந்திருக்கும்போது, பலன் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? முதுமையையே தடுக்கும் என்பதற்கு இது போதாது.

இன்னொன்று. அமெரிக்காவில் 1997ல் அனுமதி பெற்ற இதே வகைப் புண் மருந்தை, புற்றுக்கட்டி உள்ள இடத்தில் தடவக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே உண்டு. பார்லரில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் 900க்கும் மேற்பட்டோரை வைத்து, நாலரை ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2013ல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் முதுமை கூடவே இல்லையாம். அதற்கும் வசதியில்லை என்றால், நம் கடற்கரை வெயிலுக்கு ஒரு குடையாவது பிடிக்கலாமே!

சீரம் வாங்கத் துடிப்பவர்கள், முதலில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தோல் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் சர்க்கரை உள்ள மாமியாரோ, அம்மாவோ இருந்தால், தினமும் அவர்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் புரதம் நிஜமாகவே உதவுகிற இடம் அதுதான்.

– ஓர் இல்லத்தரசி, செங்கல்பட்டு.