தேர்வு மாதத்தில் கதை எதற்கு?

மார்ச் பிறந்தால் பனவடலிசத்திரம் போன்ற ஊர்களிலும் பொதுத்தேர்வுக் காய்ச்சல்தான். பிள்ளைகள் கையிலிருந்து முதலில் பறிபோவது கதைப் புத்தகம். “படிக்கிற நேரத்துல கதை ஒரு கேடா?” என்பார்கள் பெரியவர்கள்.

அது நியாயமில்லை.

நெருக்கடியில் கதை வீண் பொழுதல்ல என்பதை ராணுவமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1943 முதல் 1947 வரை அமெரிக்கா சுமார் 12 கோடிப் புத்தகங்களை அச்சிட்டுத் தன் வீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சீருடைப் பைக்குள் அடங்கும் அளவு. அவற்றில் நாவல்களும் துப்பறியும் கதைகளும் கௌபாய் கதைகளும் ஏராளம்.

தமிழர்களுக்கும் கதையில் கவலை மறப்பது பழகிய வழிதான். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடராக வந்தபோது, கதைநாயகன் வந்தியத்தேவனுக்கு என்ன ஆகுமோ என்ற தவிப்பில் சொந்தக் கவலைகள் சற்று ஒதுங்கி நின்றன. 1969-ல் வந்த ‘ராணிமுத்து’ இதழ் மலிவு விலை நாவலைப் பெட்டிக்கடைக் கொடி வரை கொண்டுவந்தது.

கதை படித்தால் மதிப்பெண் கூடும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது. இரவு பாடத்தை மூடிவைத்த பிறகு செல்போனுக்குப் போகும் அரை மணி நேரத்தைத்தான் ஒரு நாவல் கேட்கிறது. அந்த நாவலைத் தர நூலகங்கள் இருக்கின்றன; சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். தேர்வு மாதத்தில் வழிகாட்டி நூல்களுக்குப் பக்கத்திலேயே கதை நூல்களையும் கிளை நூலகங்கள் அடுக்கட்டும். பெற்றோரும் எடுத்துப் படிக்கட்டும்.