எண்ணை மாற்றாதீர்கள்!



பழவேற்காடு மீனவர் குப்பங்களில் வசிக்கும் பிள்ளைகளுக்கு ராக்கெட் புதிதல்ல. ஏரியை ஒட்டியுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அது கிளம்பும்போது, முதலில் வெளிச்சம் தெரியும். சத்தம் பிறகுதான் வரும். ஒளி, ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கி.மீ., ஓடும். ரேடியோ அலைக்கும் அதே வேகம்தான்.

கடலுக்குப் போகும் படகில் உள்ள ஜி.பி.எஸ்., கருவி, இந்த வேகத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. செயற்கைக்கோள்களில் இருந்து ரேடியோ அலை வந்து சேரும் நேரத்தை வைத்து, படகு இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். இருட்டில் முகத்துவாரம் தேடி வரும் அப்பாவுக்கு, 300 மீட்டர் சின்ன விஷயமா?

இதே நேரக் கணக்கு, ஒருமுறை விஞ்ஞானிகளையே ஏமாற்றியது. ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்து, 730 கி.மீ., தொலைவில் இத்தாலியில் உள்ள கிரான் சாசோவுக்கு, நியூட்ரினோ என்ற நுண்துகள்களை அனுப்பினர். அவை ஒளியை விட 60 நானோ நொடி முன்னதாக வந்ததாகக் கருவி காட்டியது. ஒரு நானோ நொடி என்பது, நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு!

2011 செப்டம்பரில், 'ஒபேரா' என்ற அந்த ஆய்வுக்குழு இதை அறிவித்தது. ஒளியை வென்றுவிட்டோம் என்று மார்தட்டவில்லை. எண்ணை மறைக்கவும் இல்லை. மற்றவர்களையும் சோதித்துப் பார்க்கும்படி கேட்டது. தன் கருவிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தது.

2012ல் குட்டு உடைந்தது. ஜி.பி.எஸ்., நேரத்தைக் கொண்டு வரும் ஒளியிழைக் கம்பி ஒன்று, சரியாகச் செருகப்படவில்லை! வேறு குழுக்களும் அளந்து பார்த்தன. நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நானோ, அந்தக் குழுவுக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். ஏன் தெரியுமா? ஆய்வக வகுப்பில் விடை ஒத்துவராவிட்டால், பக்கத்து நோட்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தது என்று கேட்காமல், அந்த எண்ணுக்கு மார்க் போட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். அது தவறு.

வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். பிறகு ஒயரைப் பாருங்கள், பேட்டரியைப் பாருங்கள், நண்பனையும் அளக்கச் சொல்லுங்கள். நாளை நீங்களே கருவிகளைச் சோதிக்கும் இன்ஜினியர் ஆகலாம். அன்று நீங்கள் எழுதும் எண்ணை நம்பி, நடுக்கடலில் ஒரு படகு இருக்கும்.

என்ன, செய்வீர்களா?