ஓடாத சோதனை தேர்ச்சி ஆகாது

ஆய்வுக்காக நிரல் எழுதும் நண்பர்களும் அவர்தம் நெறியாளர்களும் கவனிக்க வேண்டிய செய்தி இது. திரையில் ‘பில்ட் சக்சஸ்’ என்று வருவதும், அலகுச் சோதனைகள் தேறின என்பதும் ஒன்றல்ல.

ஜாவாவின் மேவன் கருவியையே பாருங்கள். அதில் சோதனைகளை இயக்குவது ஷ்யூர்ஃபயர் என்னும் செருகுநிரல். அது வகுப்பின் பெயரைக் கொண்டே சோதனையை இனங்காண்கிறது. பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்க வேண்டும். அல்லது ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்ஸ்’, ‘டெஸ்ட்கேஸ்’ என்று முடிய வேண்டும். வேறு பெயரிட்டால் அவ்வகுப்பு ஓசையின்றி விடுபடும். மேலும், 2018இல் வந்த 2.22.0 பதிப்புக்கு முந்தைய ஷ்யூர்ஃபயர், ஜேயூனிட் 5 சோதனைகளைத் தானாக இயக்குவதில்லை. இவ்விரு நிலையிலும் பணி வெற்றி என்றே முடியும்.

சோதனையே இல்லாத தொகுதிகளும் உண்டு என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆயினும், மௌனத்தை வெற்றியாகக் காட்டுவது முறையன்று. பைதானின் பைடெஸ்ட், ஒரு சோதனையும் கிடைக்காவிடில் 5 என்னும் வெளியேறு குறியீட்டைத் தந்து எச்சரிக்கிறது. மேவனில் ‘ஃபெயில்இஃப்நோடெஸ்ட்ஸ்’ அமைப்பை நாமே இயக்க வேண்டும். சில சோதனைகள் மட்டும் விடுபட்டால் அதுவும் உதவாது.

ஆகவே, எழுதியவை எத்தனை, ஓடியவை எத்தனை என்று ஒப்பிடுங்கள். ஒரு சோதனையை வேண்டுமென்றே தவறாக்கி, கருவி தோல்வி காட்டுகிறதா என்று பாருங்கள். ஆய்வேட்டில் ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதும் உரிமை அதன் பின்னரே நமக்கு உண்டு.