மாணவர் வயலினும் வளரும் கலையும்

'ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. வயலின் பயிலும் பிள்ளை, 'இக்கருவி எனக்குப் போதாது. வேறொன்று வேண்டும்' என்று கேட்கும்பொழுது பெற்றோரின் நாவில் முதலில் எழுவது இப்பழமொழியே. இதற்கு மாறான சான்றும் நம் இலக்கியத்தில் உண்டு. சீவகசிந்தாமணியிற் காந்தருவதத்தையோடு இசைப்போருக்குச் சென்ற சீவகன், தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்கின்றான். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், இடியுண்ட மரம் எனக் குற்றங்கூறி அவற்றை விலக்குகின்றான். குற்றமற்ற யாழைப் பெற்ற பின்னரே இசைக்கத் தொடங்குகின்றான், வெற்றியும் பெறுகின்றான். ஆடமாட்டாதவளும் குறை கூறுகின்றாள். ஆற்றல் மிக்க சீவகனும் குறை கூறுகின்றான். இருவரையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இங்கு எமது வினா.

யாம் இசைவாணர் அல்லேம், தமிழாசிரியரே. எனினும் வாணி விழாவிலும் கலை விழாவிலும் ஆண்டுதோறும் மாணவரின் வாசிப்பைக் கேட்டுவரும் உரிமையால் இதனை எழுதுகின்றோம். கண்டி நகரிலும், மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டி முதலிய அயலூர்களிலும் வயலின் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் உளர். கர்நாடக சங்கீதம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பாடமாக உள்ளது. 1931 ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகளை நடாத்தி வருகின்றது. முதற்றரங்களில் ஊக்கத்தோடு தொடங்கிய பிள்ளைகளுட் சிலர் நடுவழியில் நின்றுவிடுகின்றனர். அதற்குக் காரணம் பல. அவற்றுட் கருவியும் ஒன்று என்பதே நாம் பெரும்பாலும் எண்ணிப்பாராதது.

எமது முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். தொடக்க நிலையில் மாணவர் வயலின் போதும். வளர்நிலையில், செப்பஞ் செய்த பின்னும் குறை நீங்காதாயின், அது போதாது. அந்நிலையில் வேறு கருவி கிடைக்கச் செய்வது குடும்பத்தின் சுமை மட்டுமன்று. கல்லூரிச் சமூகத்தின் கடமையுமாகும்.

கடைகளில் 'ஸ்ரூடன்ற் வயலின்' என விற்கப்படுபவை பெரும்பாலும் ஆலைகளிற் பெருந்தொகையாகச் செய்யப்படுபவை. நல்ல வயலினுக்கு மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலும், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரத்தாலும், விரற்பலகை கருங்காலியாலும் அமைவது வழக்கம். மிக மலிவான கருவிகளில் ஒட்டுப்பலகையும் கருஞ்சாயம் பூசிய மென்மரமும் இவற்றின் இடத்தைக் கொள்வதுண்டு. ஆயினும் மாணவர் வயலின் யாவும் இழிந்தவை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம் ஆகியவற்றைப் பயிலும் பிள்ளைக்கு வேண்டுவன சுருதி நிற்றலும், விரல் விழும் இடம் தெளிவாயிருத்தலும், வில் தடையின்றி ஓடுதலுமே. இவற்றை எளிய கருவியும் தரும். வளரும் பிள்ளைக்கு அரையளவு, முக்காலளவு எனக் கருவியை மாற்றவேண்டியிருத்தலின், தொடக்கத்திலேயே பெரும்பொருள் செலவிடுதலும் அறிவுடைமையன்று.

கருவியின் குறையென நாம் கருதுவனவற்றுட் பல, அதனைச் செப்பஞ் செய்யாமையால் வருவன. குதிரை உயரமாயிருப்பின் தந்தியை அழுத்தும் பிஞ்சு விரல் நோகும். வளைந்திருப்பின் ஒலி மங்கும். மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே உள்ளே நிற்கும் சிறு தூண் இடம் பெயர்ந்தால் நல்ல வயலினும் ஊமையாகும். பிரெஞ்சு மொழியார் அத்தூணை 'ஆன்மா' என்று பொருள்படும் சொல்லாற் குறிப்பதன் காரணம் இதுவே. பிருடைகள் வழுக்கினால் சுருதி நில்லாது. மேலும், ஆலையிலிருந்து வரும் தந்திகள் மேனாட்டுச் சுருதிக்கு ஏற்றவை. நம்மவர் ஆண்குரலுக்கு இசையச் சட்சமமும் பஞ்சமமுமாக அவற்றை இறக்கிக் கூட்டும்பொழுது அவை தளர்ந்து வலிமை இழக்கின்றன. சற்றுத் தடித்த தந்திகளை இட்டாலே ஒலி வேறாகும். கண்டியின் மழையும் ஈரமும் இன்னொரு பகை. வயலினின் பலகைகள் விலங்குப் பசையால் ஒட்டப்படுபவை. ஈரம் மிகுந்தால் அப்பசை இளகிப் பொருத்துவாய் திறக்கும். எனவே புதுக் கருவி வாங்குமுன் பழையதனைத் திறமையுள்ள ஒருவரிடம் காட்டுக என்பதே பெற்றோர்க்கு எமது முதல் வேண்டுகோள்.

இவையெல்லாம் செய்த பின்னும் ஓர் எல்லை உண்டு. வர்ணமும் கிருதியும் கடந்து, இராக ஆலாபனைக்கும் கற்பனாசுரத்துக்கும் செல்லும் மாணவனுக்குக் கருவி அவன் எண்ணத்துக்கு மறுமொழி சொல்லுதல் வேண்டும். நம் இசையின் உயிர் கமகத்தில் உள்ளது. விரல் வழுக்கிச் செல்லும் விரற்பலகை மேடுபள்ளமாயின் கமகம் இடையிலே சிதறும். மெல்லென இழுத்த வில்லுக்கு மந்தரத் தந்தி பேசாதாயின், அவன் வலிந்து அழுத்தப் பழகுவான். அப்பழக்கம் பின்னர் நல்ல கருவி கிடைத்தபொழுதும் எளிதில் அகலாது. தீய கருவி ஒலியை மட்டும் கெடுப்பதன்று. கையையும் செவியையும் கெடுப்பது.

பிரித்தறியும் வழியோ எளிது. அவ்வயலினை ஆசிரியர் வாங்கி வாசிக்கட்டும். அவர் கையில் இனிது ஒலிப்பின், கோணல் கூடத்தில் இல்லை. பிள்ளைக்கு இன்னும் பயிற்சி வேண்டும். அவர் கையிலும் அது தடுமாறின், பிள்ளை சீவகன் பக்கத்தில் நிற்கின்றான்.

விலையே தரத்தை அளக்கும் என்று கொள்ளுதலும் பிழை. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்க்குக் கருங்கண்ணாடி அணிவித்து, ஸ்ராடிவாரியின் கருவிகள் உட்பட மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் கொடுத்து ஆராய்ந்தனர். புதியனவற்றை விரும்பியோரே மிகுதி. இதனைக் கொண்டு 'எதுவாயினும் ஒன்றே' என்று முடித்தலாகாது. அங்கு ஒப்புநோக்கப்பட்ட புதியனவும் தேர்ந்த கைவினைஞர் செய்தவை. புகழும் பழமையும் விலையும் இன்றியும் நல்ல கருவி அமையலாம் என்பதே அதனால் நாம் கொள்ளத்தக்க பாடம். வளரும் மாணவனுக்கு வேண்டுவது பெயர்பெற்ற வயலின் அன்று. நடுத்தர விலையில், மரமும் அமைப்பும் செவ்விய ஒன்றே.

அந்த நடுத்தர விலைதானும் இன்று எட்டாக் கனியாகின்றது. வயலின் இறக்குமதிப் பண்டம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி சில திங்களில் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதை எவரும் மறந்திலர். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயும், நகரத்துக் கடையிற் கணக்கெழுதும் தந்தையும் இவ்விலைக்கு எங்கே போவர்? கடன்படுவர், அன்றேல், 'படித்தது போதும்' என்று வயலின் பெட்டியை மூடச் சொல்வர். வறுமை காரணமாக ஒரு கலை அவ்வாறு மூடப்படுவதே எம் நெஞ்சை வருத்துவது.

இக்கருவியின் வரலாறே நமக்கு வழி காட்டுகின்றது. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கலைஞன் கையில் நல்ல கருவியை வைத்தவர் புரவலர். இன்று மன்னர் இல்லை. பழைய மாணவர் இருக்கின்றனர்.

ஆதலால் இவ்விழா ஆண்டில் யாம் வேண்டுவது தந்த வயலின் அன்று. முழுவளவு வயலின் நான்கும் முக்காலளவு இரண்டும் கல்லூரிக்கு உரிமையாக இருக்கட்டும். ஆசிரியரின் சோதனையிலே தேறிய மாணவர்க்கு, நூல்நிலையம் நூல் வழங்குவது போல, தவணை குறித்து அவற்றை வழங்குக. ஆண்டுக்கொருமுறை தந்தியும் குதிரையும் செப்பஞ் செய்யச் சிறு நிதி ஒதுக்குக. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பழைய மாணவர் இல்லங்களில் வாசிப்பாரின்றிக் கிடக்கும் வயலின்களும் இத்தொகுப்பிற் சேரலாம்.

'பிள்ளைகள் உடைத்துவிடுவர்' என்பார் உளர். ஆய்வுகூடத்திற் கண்ணாடிக் குழாய்கள் உடைகின்றன. அதற்காக இரசாயனம் கற்பித்தலை நாம் நிறுத்தியதில்லை. 'விளையாட்டிடமும் கட்டடமும் முந்தியவை அல்லவோ?' என்பார்க்கும் மறுமொழி உண்டு. ஆறு வயலின்களின் விலையால் எந்தக் கட்டடமும் எழாது. ஆறு மாணவரின் கலையோ எழும்.

மாணவர் வயலின் போதுமா என்ற வினாவுக்கு, 'எந்த மாணவனுக்கு, எந்த நிலையில்?' என்று திருப்பிக் கேட்பதே முறை. தொடங்குவோனுக்கு அது வாயில். வளர்ந்தோனுக்கு அதுவே தடைச்சுவராகலாம். அச்சுவரை அகற்றும் ஆற்றல் பழைய மாணவராகிய தங்களிடம் உண்டு. அதனைச் செயலிற் காட்டுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.