கால் வேண்டும், தலை வேண்டாமா?

சோல் கேம்பல் இங்கிலாந்துக்காக 73 ஆட்டங்கள் ஆடியவர். 2003-04-ல் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காத ஆர்சனலின் தடுப்பாட்டக்காரர். இந்தக் கறுப்பின வீரர் பயிற்சியாளராக வந்தபோது 2018 நவம்பரில் கிடைத்தது, நான்காம் நிலை லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த மேக்கில்ஸ்ஃபீல்டு. அவரோடு ஆடிய வெள்ளையர்கள் ஜெரார்டுக்கு அதே ஆண்டு ரேஞ்சர்ஸ், லாம்பார்டுக்கு டெர்பி. கேம்பல் தன் அணியை லீக்கைவிட்டு விழாமல் காப்பாற்றினார். மறு ஆண்டு லாம்பார்டைச் செல்சீ அழைத்தது. கேம்பலுக்கு மீண்டும் அடிமட்டத்தில் தவித்த ஓர் அணிதான்.

'தகுதி இருந்தால் வரட்டும்' என்பார்கள். நாம் கேட்டுப் புளித்த பேச்சு! அந்தத் தகுதியை அளப்பவர் யார் என்றுதான் நான் கேட்கிறேன். சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டுமென அமெரிக்காவின் என்எஃப்எல் 2003-லேயே விதி செய்தது. இங்கிலாந்தின் எல்லாக் கிளப்புகளுக்கும் அது விதிவிலக்கின்றிக் கட்டாயமாக வேண்டும்.